மாஸ்க் போட்டும் மூச்சு அடைக்கிறது: கிளீனிங் வேலையில் பாதுகாப்பு

இரவுஷிப்ட்:
அலுவலகக் கட்டடம் ஒன்றில் இரவு நேரக் கிளீனிங் வேலை. டாய்லெட்டுகள் என் பொறுப்பு. ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவியதும் பிளீச் தெளிக்க வேண்டும், இதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை. பிளீச் தெளித்த உடனே கண் எரியும், தொண்டை கமறும். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் சில நாள் இருமல் விடுவதில்லை. கேட்டால் "மாஸ்க் போட்டுக்கோ" என்கிறார்கள். போட்டுக்கொண்டுதான் செய்கிறேன். கேன்களில் லேபிளும் கிடையாது. மஞ்சள் கேன், நீலக் கேன் என்றுதான் எங்களுக்குத் தெரியும். இது எல்லோருக்கும் வருவதா, இல்லை என் உடம்புக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லையா? இந்த வேலையில் நீண்ட நாளாக இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மாப்பும்பக்கெட்டும்:
எல்லோருக்கும்தான் வருகிறது. போகப்போகப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூக்குக்கு வாசனை பழகும், அவ்வளவுதான்.

ஸ்டோர்கீப்பர்:
அந்த வரிசையை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

டாய்லெட் ஆசிட் என்று கேனில் வருவது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். "நடுவில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டோமே" என்பீர்கள். டைல்ஸ் இடுக்கிலும் கோப்பையின் விளிம்புக்கு அடியிலும் தங்கிய மிச்சமே கண்ணை எரிய வைக்கப் போதும். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். தரையோடுதான் தங்கும். குனிந்து தேய்ப்பவருடைய முகம் அதற்குள்ளேயே இருக்கும். வாசலில் நின்று "ஆச்சா?" என்று கேட்பவருக்கு லேசாக வாசனை அடிப்பதோடு சரி.

ஆசிட் இல்லாமலும் இது நடக்கும். நாள்பட்ட சிறுநீர்க் கறையில் அம்மோனியா இருக்கும். அதன்மேல் பிளீச் ஊற்றினால் குளோராமின் வாயுக்கள் வரும். அதுவும் கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் அரிக்கும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. அதனால் முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, அதன் பிறகுதான் பிளீச். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச்சின் சக்தி அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். நாம் என்னவோ மூச்சுத் திணறி வேலை செய்தது மட்டும் மிச்சம்.

புதுசு:
என்95 மாஸ்க் போட்டால் குளோரின் வராதா? சாதாரண மாஸ்க் என்பதால்தான் பிரச்சினையோ?

வார்டுநர்ஸ்:
வராது என்று நினைத்து ஏமாறாதீர்கள். என்95 தூசி, துளி போன்ற துகள்களைப் பிடிக்கும். வாயு அதன் வழியாக அப்படியே உள்ளே போகும். அமில வாயுவைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ஆனால் தினசரி டாய்லெட் கழுவ அந்த மாதிரி முகமூடி தேவைப்படுகிறது என்றால் கழுவும் முறையில்தான் கோளாறு.

இரவுஷிப்ட், உங்களுக்கு ஒன்று. எப்போதாவது கூடுதலாக உள்ளே போய்விட்டது என்று தோன்றினால், "இப்போது பரவாயில்லை" என்று வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். குளோரின் நிறைய ஏறியவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுக்கினாலோ உடனே மருத்துவமனை. எந்தப் பொருளோடு எதைக் கலந்தீர்கள் என்று அங்கே சொல்லுங்கள். மஞ்சள் கேன் என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. லேபிள் வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நைட்சூப்பர்வைசர்:
நான் சூப்பர்வைசர் வேலையில் இருப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மாடி நிறைய, ஆள் குறைவு, விடிவதற்குள் முடிக்க வேண்டும். ஆசிட் போடாமல் மஞ்சள் கறை போவதில்லை. பிளீச் வாசனை வந்தால்தான் சுத்தமாக இருக்கிறது என்று கிளையண்ட் ஒப்புக்கொள்கிறார். கிளவுஸ் கொடுக்கிறோம், பாதி நேரம் கழற்றி டிராலியில் மாட்டிவைத்திருக்கிறார்கள். கண்ணாடி கொடுத்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொடுத்ததைப் போடாமல் எங்களைக் குறை சொன்னால் எப்படி?

மாப்பும்பக்கெட்டும்:
//கிளவுஸ் கொடுக்கிறோம், பாதி நேரம் கழற்றி//

சூப்பர்வைசர் சார், ஏன் கழற்றுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரே சைஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தால் சின்னக் கைக்காரருக்கு விரல் நுனி இரண்டு இஞ்ச் தொங்கும், ஸ்பிரே பாட்டில் பிடிக்க வராது. பெரிய கைக்காரருக்குக் கட்டைவிரல் இடுக்கில் கிழியும். மணிக்கட்டோடு நிற்கிற கிளவுஸ் என்றால், கையை மேலே தூக்கி டைல்ஸ் தேய்க்கும்போது பிளீச் தண்ணீர் முழங்கை பக்கமாக வழிந்து கிளவுஸுக்குள்ளேயே போய்விடும். அதன் பிறகு அந்தக் கிளவுஸ் பாதுகாப்பு இல்லை, கையை ஊறவைக்கும் பை. கழற்றாமல் என்ன செய்வார்கள்?

முழங்கைக்குப் பாதி வரை வருகிற நீளமான நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவுஸ் வாங்குங்கள். மேல் விளிம்பை ஒரு மடிப்பு வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் வழிகிற தண்ணீர் அந்த மடிப்பில் நிற்கும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டால் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அது நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி வேண்டும். லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், சிலருக்கு ஒவ்வாது, அரிப்பில் ஆரம்பித்து மூச்சுத்திணறல் வரை போகும்.

கை விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஜெர்மன் தொழில் பாதுகாப்பு விதிகளில், ஒரு ஷிப்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதைத் தனியாக 'ஈர வேலை' என்று கணக்கில் எடுத்துக்கொண்டு தோலைக் காப்பாற்ற ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். நம்மில் யார் 2 மணி நேரத்தோடு நிறுத்துகிறோம்? விரல் இடுக்கில் முதலில் சிவக்கும், பிறகு செதில் செதிலாக உரியும், அப்புறம் வெடிப்பு. வெடித்த கையோடு கிருமிநாசினியைத் தொட்டால் அழுகையே வரும். வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்து, வாசனை இல்லாத க்ரீம் ஏதாவது தடவுங்கள். விரல் இடுக்கிலும் தடவுங்கள், அங்கேதான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஸ்டோர்கீப்பர்:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கிளவுஸ், மாஸ்க் எல்லாம் பாதுகாப்பு வரிசையில் கடைசி. ஆபத்தான பொருளையே எடுத்துவிட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாவிட்டால் சாதுவான பொருளுக்கு மாற முடியுமா, அதுவும் இல்லையென்றால் காற்றோட்டம் போன்ற ஏற்பாடு, அதன் பிறகு வேலை செய்யும் முறை. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் கையுறை. நம் இடங்களில் தலைகீழாக, கையுறையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

சூப்பர்வைசர் சொன்ன மஞ்சள் கறையை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் உப்புப் படிவு. ஒரே ராத்திரியில் வந்ததில்லை, அதனால் ஒவ்வொரு ராத்திரியும் ஆசிட் ஊற்ற வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி, சிட்ரிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ கலந்த படிவு நீக்கியை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். ஹைட்ரோகுளோரிக் மாதிரி புகையாது. ஆனால் இவையும் அமிலம்தான், அன்றைக்கு பிளீச் கேன் ஸ்டோர் ரூமைவிட்டு வெளியே வரக் கூடாது. மற்ற நாளில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். கிருமிநாசினி கைபடும் இடங்களுக்கு, அதாவது கதவுப் பிடி, குழாய், ஃப்ளஷ் பொத்தான், இருக்கை. தரை முழுக்கத் தெளிப்பது வாசனைக்காகத்தான்.

தெளிப்பது என்றதும் இன்னொன்று. காற்றில் ஸ்பிரே அடிக்காதீர்கள். துணியில் ஊற்றித் துடையுங்கள். ஸ்பிரே அடித்தால் நுண்ணிய துளிகளாகி நேரே மூச்சுக்குள் போகும். 2007ல் 10 ஐரோப்பிய நாடுகளில் 3,503 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் வாரம் ஒரு முறையாவது கிளீனிங் ஸ்பிரே அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறிகள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அது வீட்டு வேலை, நாம் ஷிப்ட் முழுக்க அடிக்கிறோம்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்டது இன்னும் பெரிய ஆய்வு. 6,000க்கும் மேற்பட்டவர்களை 20 வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். கிளீனிங் தொழிலில் இருந்த பெண்களுக்கு, ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு மற்றவர்களைவிட வருடத்துக்கு 3.9 மில்லி லிட்டர் கூடுதலாகக் குறைந்தது. வீட்டில் மட்டும் கிளீனிங் செய்த பெண்களுக்கும் 3.6. ஒரு வருடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தெரியும். இருபது வருடம் சேரும்போது, பல வருடம் சிகரெட் பிடித்தவரின் நுரையீரல் இழப்போடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஆண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் ஆய்வில் கிளீனிங் வேலை செய்த ஆண்கள் மிகக் குறைவு.

புதுசு:
ஒரு வீடியோவில் பிளீச்சில் வினிகர் சேர்த்தால் இன்னும் நன்றாக வெளுக்கும் என்றார்களே, வினிகர் இயற்கைதானே?

ஸ்டோர்கீப்பர்:
வினிகரும் அமிலம்தான். அதே குளோரின்தான் வரும். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். பிளீச்சில் கலக்கத் தண்ணீர் மட்டும்தான், அதுவும் குளிர்ந்த தண்ணீர். 5 சதவீத பிளீச்சில் 20 மில்லி எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1 சதவீதம், பொதுவான பரப்புகளுக்கு அது போதும். கண்ணால் அளந்து 'கொஞ்சம் கூடவே போடுவோம்' என்று ஊற்றுவதால் கிருமி கூடுதலாகச் சாவதில்லை. கலந்ததை அன்றன்றைக்கே பயன்படுத்துங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

வார்டுநர்ஸ்:
குப்பைப் பை பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வார்டில் துப்புரவு அக்காக்களுக்கு ஊசி குத்துவது பெரும்பாலும் குப்பைப் பையிலிருந்துதான். யாரோ ஊசியைப் போட வேண்டிய டப்பாவில் போடாமல் சாதாரணக் குப்பையில் போட்டிருப்பார்கள். பையில் இடம் பண்ணக் கையால் அமுக்கினால் குத்தும். காலால் மிதித்தாலும் அப்படித்தான். பையை இடுப்போடு அணைத்துத் தூக்கினால் தொடையில் குத்தும். முக்கால் பங்கு நிரம்பியதுமே கட்டிவிடுங்கள். கழுத்தைப் பிடித்து உடம்பைவிட்டு விலக்கித் தூக்குங்கள். அலுவலகக் கட்டடம்தானே என்று விடாதீர்கள், இன்சுலின் போடுபவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

குத்திவிட்டால்: சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தத்தை எடுக்கிறேன் என்று அமுக்க வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். உடனே சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி என்றாலும் தொற்றுவதற்கு வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், பயந்து உடைந்துபோக வேண்டாம். ஹெபடைடிஸ் பி தான் மோசம். தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை போகும். காய்ந்த ரத்தத்தில்கூட அந்த வைரஸ் 7 நாள் உயிரோடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வழக்கமாக 3 தவணை. வேலையில் சேரும்போதே கேட்டு வாங்குங்கள்.

மாப்பும்பக்கெட்டும்:
கெமிக்கல், ஊசி எல்லாம் சரி. நான் பார்த்தவரை ஆட்களை வேலையிலிருந்து அனுப்புவது இடுப்பும் தோள்பட்டையும்தான்.

மாப் குச்சி உங்கள் தாடை உயரத்துக்கு வர வேண்டும். குட்டையாக இருந்தால் ஷிப்ட் முழுக்கக் கூனிக்கொண்டேதான் தள்ளுவீர்கள். நீளம் கூட்டிக் குறைக்கிற குச்சி கேளுங்கள், பெரிய விலை வித்தியாசம் இல்லை. முன்னும் பின்னும் இழுக்காமல் எட்டு போடுவது போல வளைத்துப் பின்னோக்கி நடந்தால் தோளுக்குப் பாரம் குறையும். பக்கெட்டை முழுக்க நிரப்பாதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ, பக்கெட்டும் மாப் பிழியும் கருவியும் தனி. அதைத் தூக்கி சிங்க்கில் ஊற்றும் அந்த ஒரு நொடியில், உடம்பைத் திருப்பிக்கொண்டே தூக்குவோம் பாருங்கள், அங்கேதான் பிடிக்கும். தட்டையான மைக்ரோஃபைபர் மாப்பை முன்கூட்டியே நனைத்து அடுக்கி எடுத்துப் போனால் பக்கெட்டே வேண்டியதில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு துணி, முடிந்ததும் கழற்றிப் பையில் போட வேண்டியதுதான்.

வழுக்கும் தரைக்கு மஞ்சள் போர்டு வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். போர்டு தரையைக் காய வைக்காது. தாழ்வாரத்தைப் பாதிப் பாதியாகத் துடைத்தால் நடக்க ஒரு பக்கம் எப்போதும் காய்ந்திருக்கும். பழைய மெழுகை உரிக்கும் திரவம் போட்ட தரையில் மட்டும் தனி ஷூ இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

ஏணிப்படி:
கண்ணாடி துடைப்பவன் சார்பில் ஒரு வரி: ஏணி 4 அடி உயரம் போனால் அதன் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும், இதுதான் சாய்க்கும் ஏணியின் கணக்கு. எட்டவில்லை என்றால் இறங்கி நகர்த்துங்கள். நாற்காலி, குப்பைத் தொட்டி, வாஷ்பேசின் எதுவும் ஏணி இல்லை. பீங்கான் வாஷ்பேசின் உடைந்தால் கத்தி மாதிரி வெட்டும்.

சட்டம்பேசி:
உரிமைப் பக்கமும் கொஞ்சம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981ல் வந்தது. அதன் 21ஆம் பிரிவு பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளி எந்தச் செலவும் செய்ய வேண்டியதில்லை என்கிறது. கிளவுஸுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் அது இதற்கு நேர் எதிர். 13ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்று தகுந்த காரணத்தோடு நம்பி வேலையைவிட்டு விலகினால் அதற்காகத் தண்டிக்கக் கூடாது. நமக்கு ரொம்பத் தேவையானது 17ஆம் பிரிவு: ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் இரண்டும் பாதுகாப்பில் ஒத்துழைக்க வேண்டும். கட்டடக்காரர் கான்ட்ராக்டரைக் கைகாட்டுவதும் கான்ட்ராக்டர் கட்டடக்காரரைக் கைகாட்டுவதும் நமக்குத் தெரிந்த கதைதானே.

2022 ஜூன் மாதம் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அந்த அமைப்பு சேர்த்துவிட்டது. ஆனாலும் கையில் எடுத்துப் போய்ப் பேசுவதற்கு அவரவர் நாட்டுச் சட்டம்தான் வேண்டும், அதைத் தனியாகப் பாருங்கள்.

கெமிக்கல் வாங்கும்போது அதற்கான பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். ஐ.நா.வின் ரசாயன வகைப்பாட்டு முறைப்படி அதில் 16 பகுதிகள் இருக்கும்.

ஸ்டோர்கீப்பர்:
16 பகுதியையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. 2 என்ன ஆபத்து, 4 முதலுதவி, 8 எந்த மாதிரிக் கையுறை, கண்ணாடி, 10 எதோடு சேரக் கூடாது. இந்த நான்கையும் புரிகிற மொழியில் ஒரே பக்கமாக எழுதி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டுங்கள். ஊற்றிவைக்கும் சின்ன பாட்டிலுக்கும் பெயர் எழுத வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் எதையும் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர். பிளீச்சும் தரை உரிக்கும் திரவமும் காரம். அமிலத்தைவிட காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும், ஆகவே இன்னும் நேரம் எடுத்துக் கழுவுங்கள்.

நைட்சூப்பர்வைசர்:
வாரத்தில் ஒரு நாள் ஆசிட் என்பது எனக்கும் வசதிதான், கேன் செலவும் குறையும். வாசனை இல்லையே என்று கிளையண்ட் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் யாராவது எழுதிக் கொடுங்கள். ஆள் பற்றாக்குறைக்கு இந்தத் தளத்தில் மருந்து கிடையாது என்று தெரியும். குறைந்த ரேட்டுக்கு கான்ட்ராக்ட் எடுத்துவிட்டு நேரத்தை எங்கிருந்து கொண்டுவர?

மாப்பும்பக்கெட்டும்:
ரேட் போடும்போதே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அது, எங்கள் முதுகில் ஈடு கட்டாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை.

வாசனைக்குப் பதில்: சுத்தமான டாய்லெட்டில் எந்த வாசனையும் வராது என்று சொல்லுங்கள். நம்பாவிட்டால் விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வார்டுநர்ஸ்:
இரவுஷிப்ட், நீங்கள் தனியாகவா வேலை செய்கிறீர்கள்? மாடியில் ஒருவர் மட்டும் என்றால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை யாராவது போன் செய்து பார்க்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் யார் போய்ப் பார்ப்பது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். வழுக்கி விழுந்தாலும் சரி, யாராவது தொல்லை கொடுத்தாலும் சரி, விடியும் வரை யாருக்கும் தெரியாமல் இருக்கக் கூடாது.

இரவுஷிப்ட்:
எல்லோருக்கும் நன்றி. மாடிக்கு ஒருவர்தான். போன் செய்துகொள்வது என்று நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். பழைய அட்டைப்பெட்டியில் லேபிள் ஒன்று கிடைத்தது: நீலக் கேன் பிளீச், மஞ்சள் ஹைட்ரோகுளோரிக். இப்போது ஆசிட்டைத் தொடுவதில்லை, சோப்பு போட்டுத் தேய்க்கிறேன். கண் எரிச்சல் குறைந்திருக்கிறது, இருமல் முழுதாக விடவில்லை.

இன்னொன்று கவனித்தேன். டாய்லெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, ஆனால் அலுவலக நேரம் முடிந்ததும் டைமரில் தானாக நின்றுவிடுகிறது. நாங்கள் கழுவுவது அதற்குப் பிறகுதான். சூப்பர்வைசரைக் கேட்டால் கட்டடத்துக்காரர் வேலை என்கிறார்.

சட்டம்பேசி:
17ஆம் பிரிவு இதற்குத்தான். வாயால் சொன்னால் காற்றில் போய்விடும். கான்ட்ராக்டர், கட்டட மேலாளர் இருவருக்கும் ஒரே கடிதம், தேதியோடு: "இந்த மணியிலிருந்து இந்த மணி வரை கெமிக்கல் பயன்படுத்துகிறோம், அந்த நேரம் ஃபேன் ஓடுவதில்லை, பணியாளருக்கு இருமல் இருக்கிறது." மூன்று வரி போதும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

வார்டுநர்ஸ்:
அது நடக்கும் வரை கதவைத் தடுப்பு வைத்துத் திறந்தே வையுங்கள். இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், என்ன வேலை, என்ன கெமிக்கல் என்பதையும் சீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நுரையீரல் ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

நைட்சூப்பர்வைசர்:
எங்கள் கட்டடத்திலும் டைமர்தான். இன்றைக்கு ராத்திரி எத்தனை மணிக்கு நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.